கண்ணாடித் தலையணை

சயோ அம்மாவை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தபோது அவர் என் மனைவியின் தலையணை மேல் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் டாக்சி வந்தது, பெட்டியைத் தூக்கி வைத்தேன், அவர் ஜன்னலை இறக்கித் தலை குனிந்து வணங்கினார், எல்லாம் நடந்தது, ஆனால் நினைத்தால் அதெல்லாம் வருவதில்லை, அந்தக் கைதான் வருகிறது. வலது கையில் பக்கெட். இடது கையைத் தலையணைக்கு மேல் விரித்துப் பிடித்து, பிளாஸ்டர் முதலில் தன் விரல்மேல் விழுந்து, விரலிடுக்கில் வழிந்து, பவளத்தின் தலை பதிந்த பள்ளத்துக்குள் மெதுவாக இறங்கும்படி ஊற்றினார். ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் சொல்லுகிற பழக்கம் அவருக்கு உண்டு. "நேரா ஊத்தினா குமிழி வரும் ஏகாசான். அச்சுல குமிழி வந்தா தப்பு. கண்ணாடியில வந்தா..." என்று நிறுத்தி, பக்கெட்டைச் சாய்த்தபடியே சிரித்தார். ஏகாம்பரம் என்ற பெயரை அவர் நாக்கு பாதியில் வெட்டி, மரியாதைக்கு ஜப்பான்காரர்கள் சொல்லுகிற சானை ஒட்டி வைத்திருந்தது. அன்றைக்கே அவருக்கு உடம்பு சரியில்லை, வைத்தியத்துக்குத்தான் ஊருக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் பக்கெட் பிடித்த கை நடுங்கவில்லை, அதனால் நான் நம்பவில்லை. இப்போது அவர் இல்லை. பவளம் அதற்கு முன்பே போய்விட்டாள். தலையணையும் இல்லை, முதலில் பூசின மெழுகும் பிளாஸ்டரும் ஊறி அச்சிலிருந்து கொத்துக் கொத்தாகத்தான் பிய்ந்து வந்தது. பள்ளம் மட்டும் அச்சுக்குள் மேடாக நின்றது. அந்த அச்சில் கண்ணாடியை அடுக்கி, உருக்கி, நிரப்பி, ஆற வைத்து, இதோ ஃபர்னஸுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், சூடு காட்டுகிற மீட்டரில் நாற்பத்தொன்று, எனக்குக் கை பரபரக்கிறது. விரிசல் விட்டிருந்தால் இன்னொரு முறை செய்யத் தலையணை கிடையாது, செய்கிறவர் கிடையாது, ஜப்பானிலிருந்து வந்த கண்ணாடிக் கட்டிகளில் கடைசிப் பெட்டியும் இதற்குள் போய்விட்டது. இது ஒன்றுதான். உள்ளே இருக்கிறது. மூடியைத் தூக்கினால் தெரிந்துவிடும்.

தூக்கக் கூடாது. முப்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் தூக்க வேண்டும், அது சயோ அம்மாவின் சட்டம், முதல் வருஷமே ஃபர்னஸ் மேல் சாக்பீஸால் முப்பது என்று எழுதி வைத்தார், அழிய அழிய நான் திரும்ப எழுதினேன். ஆறுவதற்கு முன்னால் திறந்தால் கண்ணாடி ஒரு சத்தம் போடும். ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். சின்னச் சத்தம்தான், ஸ்பூனால் டம்ளரைத் தட்டின மாதிரி, ஆனால் கேட்டதும் சயோ அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தம் காலையிலிருந்து என் காதுக்குள் வந்து வந்து போகிறது. மீட்டர் நாற்பத்தொன்று. காலையில் நாற்பத்தாறு, சாப்பிட்டுவிட்டு வந்தபோது நாற்பத்திரண்டு, அதற்கப்புறம் நாற்பத்தொன்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நான் ஃபேனைப் போட்டேன், பிறகு காற்று பட்டால் ஆபத்து என்று நிறுத்தினேன், நிறுத்தின பிறகுதான், ஃபர்னஸ் மூடியிருக்கும்போது ஃபேன் காற்று அதற்குள் எப்படிப் போகும் என்று தோன்றியது, திரும்பப் போட்டேன், போட்டதும் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் இப்போது ஒன்றுமில்லை, மீட்டர் பேட்டரியில் ஓடுகிறது, சூடேற்றுகிற கம்பிக் காயில் அணைந்து பல நாளாகிறது, இது தானாக ஆறுகிற கட்டம், பயப்பட ஏதுமில்லை என்று எனக்கே நான் உரக்கச் சொன்னேன். வாசலில் செல்வமேரி நின்றிருந்தாள். ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறவள், வெயிலுக்குக் கடையைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வருவாள். "இன்னா பெருசு, தனியா பேசுற? முட்டை பொரிஞ்சுதா இல்லியா?" "இன்னும் இல்ல." "கோழி கூட இத்தினி நாள் அடைகாக்காது. எழுந்து போயி ஒரு வாய் தண்ணி குடி. மூஞ்சிய பாரு, நெத்திலி கருவாடு மாதிரி." "முப்பதுக்கு வரணும் மேரி." "இன்னா முப்பது?" "சூடு. உள்ள இருக்கற சூடு முப்பதுக்கு எறங்கணும்." அவள் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "யோவ், கத்திரி வெயிலு. வெளியவே நாப்பது அடிக்குது. உள்ள எப்படியா முப்பது வரும்? ஐஸா வெச்சிருக்கே?"

அவள் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது, ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, ஃபர்னஸ் கட்டினவனே நான்தான், எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு அம்பத்தூரில் காயில் சுற்றிச் சுற்றியே சூட்டைப் பற்றித் தெரிந்துகொண்டவன், சுற்றி இருக்கிற காற்றை விடக் குளிர்ச்சியாக எதுவும் ஆறாது என்பது சட்டியில் வைத்த சாம்பாருக்கே தெரியும். ஆனால் சாக்பீஸில் முப்பது என்று இருக்கிறது, அதைச் சயோ அம்மா எழுதினார், அவர் வருவதெல்லாம் மார்கழி தையில்தான், இங்கே ஒருமுறை கூட வெயில் காலத்தைப் பார்த்ததில்லை, அந்த முப்பது மார்கழி முப்பது. நேற்று அவர் தம்பி தொஷியோ ஃபோனில் பேசினபோதும், அவர் ஒரு வாக்கியம் பேச, ஃபோனே அதைத் தமிழாக்கி ஒரு பெண் குரலில் சொல்ல, அந்தக் குரல் "முப்பது பாகைக்குக் கீழ் தயவுசெய்து பொறுத்திருங்கள்" என்றது. நானும் பொறுத்திருக்கிறேன். ஆடி மாசம் வரை பொறுத்தாலும் வராத ஒரு எண்ணுக்காக. அப்படியென்றால் இப்போதே திறக்கலாமா? உள்ளே நாற்பத்தொன்று, வெளியே நாற்பதோ முப்பத்தொன்பதோ, வித்தியாசம் ஒன்றும் இல்லை, கண்ணாடிக்கு வேண்டியது எண் இல்லை, வித்தியாசம் இல்லாமலிருப்பதுதான். ஆனால் மீட்டர் காட்டுவது ஃபர்னஸுக்குள் இருக்கிற காற்றின் சூடு. கண்ணாடியின் நடுவில் என்ன சூடு என்று மீட்டருக்குத் தெரியாது. தலையணை கனம் கண்ணாடி, நாலு விரல் இருக்கும், நடுவில் இன்னும் ஐம்பது இருக்கலாம், அறுபது இருக்கலாம். எழுந்து மூடி வரை போனேன். சங்கிலியைத் தொட்டேன். வந்து உட்கார்ந்தேன்.

சயோ அம்மா இந்த இடத்தில் உட்கார்ந்தால் அசைய மாட்டார். அது மருந்து பாட்டில் கம்பெனிப் பழக்கம். ஜப்பானின் மேற்குக் கரையில், வீட்டுக் கதவு மூடுகிற அளவுக்குப் பனி விழுகிற ஊர் அவருக்கு, அங்கே மருந்து பாட்டில் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வயதில் சேர்ந்து, வெளிச்சப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, பெல்ட்டில் வருகிற பாட்டிலில் குமிழி இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குமிழி இருந்தால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். தொட்டியில் விழுகிற சத்தம்தான் அவருடைய சம்பளம். பவளம் இதைக் கேட்டுவிட்டு, "அரிசியில கல்லு பொறுக்குற வேலைக்கா சம்பளம் குடுத்தானுங்க? நான் வந்திருந்தா மேஸ்திரி ஆயிருப்பேனே" என்றாள். சயோ அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, யார் வந்தாலும் "நான் கல்லு பொறுக்கினேன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். தூங்கினால் கண்ணுக்குள் குமிழியாக வருமாம். ஒரு நாள் தொட்டியில் போட வேண்டிய ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாராம், அதற்குள் ஓமம் அளவுக்கு ஒரு குமிழி, அதை ஜன்னலில் பனிக்கு எதிராக வைத்துப் பார்த்தாராம். அந்தக் குமிழிக்குள் இருக்கிற காற்று இனி யாரும் மூச்சு விட முடியாத காற்று, அது கம்பெனியில் அந்த நிமிஷத்தில் இருந்த காற்று, அது அப்படியே இருக்கிறது என்று தோன்றியதாம். இதைச் சொன்னபோது அவருக்குத் தமிழ் போதவில்லை, எனக்கு ஜப்பான் பாஷை சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இப்போதும் கையைப் பார்க்கிறேன், ஆமாம், இப்போதும். அதற்கப்புறம் வேலையை விட்டு, முப்பது வயதுக்கு மேல் கண்ணாடிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, கற்றுக்கொண்டது எல்லாம் என்ன? குமிழியே இல்லாமல் கண்ணாடி வார்ப்பது. தண்ணீர் மாதிரி சுத்தமான கட்டி. அதற்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள். பரிசு வாங்கின அன்றைக்கு, திரும்பவும் அந்த வெளிச்சப் பெட்டிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தேன் என்றார். ஏதோ ஒரு நிறுவனம் பணம் கொடுத்து வெளிநாட்டுக்குப் போய் வேலை செய் என்றதும், பனியே விழாத இடம் எது என்று பார்த்து மெட்ராஸ் வந்து இறங்கினார். கடற்கரை ரோட்டில் இறால் குஞ்சு வளர்த்த பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்தார், ஃபர்னஸ் கட்ட ஆள் தேடினார், யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

பார்க்கிறவர், அதுதான் அவர். நானும் பவளமும் ஒருமுறை திருப்போரூர் ஹோட்டலுக்கு அழைத்துப்போனோம், சாப்பிட உட்காராமல் நேராகக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மாவு ஊற்றியதும் தோசையில் கண் கண்ணாகத் திறக்கிறதே, அதைக் குனிந்து பார்க்கிறார், ஒரு தோசை, இரண்டு தோசை, மாஸ்டருக்குக் கூச்சமாகிவிட்டது. "இன்னா மேடம், பூச்சி எதுனா விழுந்துச்சா?" பவளம் உள்ளேயிருந்து கத்தினாள், "பூச்சி இல்லண்ணா, அந்தம்மா ஓட்டை எண்ணுது, நீ ஊத்து!" அப்பளம் பொரிவதைப் பார்க்க எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று மூக்கில் எண்ணெய் தெறித்து வாங்கிக்கொண்டார். ரசம் நுரை கட்டுவதை, மழை நாளில் பஸ் கண்ணாடி மேல் எருமை மூச்சு விட்ட மாதிரி படிகிற ஆவியை, சோப்பு போட்ட சட்டையைப் பவளம் கல்லில் அடிக்கிறபோது பறக்கிற குமிழியை, எல்லாவற்றையும் அப்படித்தான் நின்று பார்த்தார். அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. பார்ப்பார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடப்பார். ஆனால் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் வரவில்லை. கண்ணாடி சுத்தமாகவே வந்தது. "இந்தக் கைக்குத் தெரியாது ஏகாசான். குமிழி வந்தா எடுத்துடும்" என்று தன் கையை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். பிறகு ஆயுத பூஜை வந்தது. அந்த ஒரு வருஷம்தான் அவர் முன்னாலேயே, மழைக்கு முன்பே வந்திருந்தார்.

இதை நினைக்கும்போது எனக்கு உட்கார முடிவதில்லை, எழுந்துவிட்டேன், ஷெட்டுக்குள் நடக்கிறேன். பட்டறை வைத்திருக்கிறவன் வீட்டில் ஆயுத பூஜையை விட்டுவிடுவார்களா? பவளம் பொரி, பொட்டுக்கடலை, பூசணிக்காய், சந்தனம், எல்லாம் கூடையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். அன்றைக்குக் காலையில்தான் சயோ அம்மா ஒரு பெரிய அச்சில் கண்ணாடிக் கட்டிகளை அடுக்கி முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். பவளம் ஃபர்னஸுக்கு மூன்று பட்டை சந்தனம் இட்டாள், குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள், பிறகு திறந்திருந்த ஃபர்னஸுக்குள் ஒரு கைப்பிடி பொரியை வீசினாள். வைக்கவில்லை, தூவவில்லை, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடுகிற மாதிரி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி வீசினாள். "அதுக்கும் வாயி வயிறு இருக்குல்ல?" என்றாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொரி கட்டிகளுக்கு இடையில் இறங்கிப்போனதை நானும் பார்க்கவில்லை, வெட்டின கண்ணாடி ஓரம் எல்லாம் வெள்ளையாகத்தானே இருக்கும், குளித்துவிட்டு வந்த அவரும் பார்க்கவில்லை, குமிழியைத் தேடுகிற கண்ணுக்குப் பொரியைத் தேடத் தோன்றுமா? மூடினோம், சூடேற்றினோம். ஆறின பிறகு திறந்தால் கண்ணாடிக்கு நடுவில் ஒரு மேகம் நிற்கிறது. லேசான சாம்பல் நிறம், அதற்குள் ஆயிரக்கணக்கில் குமிழி, ஒன்று கூட உருண்டை இல்லை, எல்லாம் நீண்டு, வளைந்து, எங்கேயோ கிளம்பி நடுவழியில் நின்ற மாதிரி. சயோ அம்மா முகம் வெளிச்சப் பெட்டிக்கு எதிரில் உட்காருகிற முகமாக மாறியது. "என்ன இது?" பவளம் கொஞ்சமும் அசரவில்லை. "நாந்தான் போட்டேன். பொரி. படையலு. அது சாப்பிட்டுட்டு ஏப்பம் வுட்டிருக்கு, விடு." சயோ அம்மா அந்தக் கட்டியைத் தூக்கிப்போய், உடைக்கிற குப்பைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்தார். அவருக்கு அது கோபம் கூட இல்லை, கை தானாகச் செய்தது. பவளம் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள் நான் வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. கட்டி வெளியே மணலில் இருந்தது, அதன் மேல் வெயில் விழுந்து மணலெல்லாம் புள்ளி புள்ளியாக ஆடுகிறது, சயோ அம்மா மண்டி போட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கன்னம் முழுக்க மணல், முகமெல்லாம் சிரிப்பு. "ஏகாசான், இது நல்லா இல்ல. இது ரொம்ப ரொம்ப நல்லா இல்ல. அக்கா எங்க? அக்காவைக் கூட்டிட்டு வாங்க!"

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ஒவ்வொரு வருஷமும் பவளம் வந்து பொரி வீசின பிறகுதான் மூடி இறங்கும். அந்தக் கட்டிகள் கப்பலில் போயின, விமானத்தில் போயின, மியூசியத்தில் வைத்தார்கள். அவர் ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் அதை முதல் பனி என்றார்களாம், பிறந்த ஊர் ஞாபகம் என்றார்களாம், புத்தர் சொன்ன சூனியம் என்றார்களாம். சயோ அம்மா பேட்டியில், இது பொரி, மெட்ராஸில் ஒரு அக்கா வீசினது என்று உள்ளதைச் சொன்னால், அடக்கமாகப் பேசுகிறார் என்று எழுதினார்களாம். புத்தகத்தில் வந்த படத்தைப் பவளத்திடம் காட்டினபோது ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம பொரி ஃபிளைட் ஏறிடுச்சு, நான் இன்னும் திருப்பதி போவல" என்றாள். அடுத்த மாசமே சயோ அம்மா கார் வைத்துக் கூட்டிப்போனார். பவளம் கண்ணை மூடின பிறகு சயோ அம்மா தானே வீசிப் பார்த்தார். குமிழி எல்லாம் வரிசையாக வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயரில் நிற்கிற மாதிரி. திரும்ப வீசினார், திரும்பவும் வரிசை. "என் கை பார்த்துட்டு வீசுது" என்றார். இரண்டு வருஷம் ஒன்றும் செய்யவில்லை, வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் தலையணையைப் பார்த்துவிட்டார். உறை போடாத இலவம்பஞ்சு, இடது பக்கமாகவே படுத்துப் படுத்து ஒரு பள்ளம், அதில் தேங்காயெண்ணெய்க் கறை. நான் அதைத் தட்டிப் போட்டதில்லை, வெயிலில் வைத்ததில்லை. கேட்டார். தர மாட்டேன் என்றேன். "சரி" என்றார், தலை குனிந்தார், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த தடவை அவர் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். நானே பையில் போட்டு எடுத்துவந்து மேஜை மேல் வைத்தேன். பஞ்சு எத்தனை நாள் அப்படியே இருக்கும், எலி வரும், உப்பும், அமுங்கும், கண்ணாடி இருக்கும் என்று நினைத்தேனா, இல்லை அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேனா, இப்போது யோசித்தால் இரண்டும் சேர்ந்துதான் வருகிறது. அவர் தலையணையைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவிக்கொண்டு வந்தார். பிளாஸ்டர் ஊற்றி முடித்த பிறகு, "பாதி கண்ணாடி அடுக்குங்க. பொரி போடுங்க. மீதி அடுக்குங்க. பொரி உங்க கை" என்றார். "எனக்குத் தெரியாதும்மா." "தெரியக் கூடாது."

இங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். பாதி அடுக்கினேன், பொரி கையில் எடுத்தேன், நின்றேன். பவளத்தின் மணிக்கட்டை நினைத்தேன், நினைத்ததுமே அது பார்க்கிற கையாகிவிட்டது, கீழே வைத்தேன். திரும்ப எடுத்தேன். வியர்வையில் பொரி உள்ளங்கையில் ஒட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டேன், இப்போ வீசு, இப்போ வீசு என்று சொல்லிக்கொண்டு கையை ஓங்கும்போது சட்டைப் பையில் ஃபோன் அலறியது. தொஷியோ. கை உதறியது. ஒரு பிடிப் பொரியும் ஒரே பக்கமாக, தலையணையின் ஒரு மூலையில் கொட்டிவிட்டது, மற்ற இடமெல்லாம் வெறும் கண்ணாடி. பொறுக்கி எடுத்துத் திரும்ப வீசலாமா என்று குனிந்தேன். பொறுக்கினால் அது வெளிச்சப் பெட்டி வேலையாகிவிடும். பாதி ஏற்கெனவே இடுக்கில் இறங்கிவிட்டது. ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியே மேல் கட்டிகளை அடுக்கி மூடியை இறக்கிவிட்டு ஃபோனை எடுத்தால், அந்தப் பெண் குரல், "தாங்கள் இப்போது ஓய்வாக இருக்கிறீர்களா?" என்றது. சயோ அம்மா ஊரில் அவருக்கென்று ஒரு கண்காட்சிக் கூடம் கட்டியிருக்கிறார்களாம், மருந்து பாட்டில் முதல் கடைசிக் கட்டி வரை வரிசையாக வைத்து, கடைசி மேடையை இதற்காகக் காலியாக விட்டிருக்கிறார்களாம். எனக்கு அந்த மேடை கண்ணில் நிற்கவில்லை. ஒரு மூலையில் கொட்டின பொரிதான் நிற்கிறது. அத்தனை பொரியும் ஒரே இடத்தில் எரிந்தால் அத்தனை வாயுவும் ஒரே இடத்தில் கிளம்பும், ஒரு பெரிய குமிழியாகி மேலே வந்து வெடித்திருந்தால் அங்கே பள்ளம், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கண்ணாடி மெல்லிசு, மெல்லிசு சீக்கிரம் ஆறும், கனம் மெதுவாக ஆறும், இழுத்துக்கொள்ளும், அந்தச் சத்தம். ஏற்கெனவே சத்தம் போட்டிருக்குமோ? நான் சாப்பிடப் போனபோது? மீட்டர் நாற்பதுக்கு வந்துவிட்டது. நாற்பது! எப்போது வந்தது? முகத்தில் ஏதோ படுகிறது. காற்று. கடல் காற்று இறங்கிவிட்டது, தகரம் கிறீச்சிடுகிறது, வாசலில் செல்வமேரி வெயிலுக்குக் கட்டிவைத்த பிளாஸ்டிக் ஷீட் உப்பிக்கொண்டு நிற்கிறது. ஓடிப்போய் ஷெட் கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். இனிமேல் வெளியே குளிரக் குளிர வித்தியாசம் கூடிக்கொண்டேதான் போகும். உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக இருக்கிற நேரம் இதுதான், நாள் முழுக்க இதுதான், முப்பது என்று எழுதின கைக்கே இது தெரிந்திருந்தால் இப்போது எழுந்து நின்றிருக்கும். சங்கிலியைப் பிடித்தேன்.

இழுக்க இழுக்க மூடி ஆடிக்கொண்டு மேலே போகிறது. மூச்சை அடக்கிக்கொண்டேன், என் மூச்சுக் காற்று கூடப் படக் கூடாது என்பது போல. காதைக் கொடுத்தேன். தகரச் சத்தம், என் நெஞ்சுச் சத்தம், கொஞ்ச தூரத்தில் பஸ் ஹாரன். அந்தச் சத்தம் வரவில்லை. இன்னும் நின்றேன். வரவில்லை. குனிந்து பார்த்தேன். மேல்புறம் ஏரித் தண்ணீர் மாதிரி மட்டமாக, பளபளவென்று, கோடு இல்லை, விரிசல் இல்லை, டார்ச்சை நான்கு பக்கமும் சாய்த்துப் பார்த்தேன், இல்லை, இல்லவே இல்லை, முழுசு! வாய்விட்டுக் கத்தினேன் போலிருக்கிறது, செல்வமேரி கதவைத் தட்டுகிறாள், "பெருசு! இன்னா ஆச்சு? உயிரோட கீறியா?" "முழுசா இருக்கு மேரி!" "முட்டையா?" "கண்ணாடி!" "அடச்சே, நான் பயந்தே பூட்டேன். இரு, அந்த ஷீட்டு பறக்குது, கட்டிட்டு வரேன்." டார்ச்சை இப்போது நேராகப் பிடித்தேன். மேகம் இல்லை. பவளம் வீசினால் நடுவில் வந்து நிற்குமே, அது இல்லை. வலது பக்கம் முக்கால்வாசி ஒன்றுமே இல்லாத கண்ணாடி, சயோ அம்மா பரிசு வாங்கின கண்ணாடி மாதிரி, அடியில் பிளாஸ்டரின் வெள்ளை தெரிகிறது. இடது மூலையில் மட்டும் கூட்டமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, பஸ் நின்றதும் ஒரே வாசலில் இறங்குகிற ஜனம் மாதிரி குமிழிகள், பெரிசு, சின்னது, ஒன்று நெல்லிக்காய் அளவு, அது மேல்புறத்துக்கு நூல் இடைவெளி வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. வெடிக்கவில்லை. நின்றுவிட்டது! அசிங்கமாக இருக்கிறதா? தெரியவில்லை. நன்றாக இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை, அந்தக் கூடத்துக்காரர்கள் முதல் பனி என்பார்களோ என்ன சொல்வார்களோ, அது அவர்கள் பாடு. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பவளம் பார்த்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள், ஒரு பொரி கூட ஒழுங்காப் போடத் தெரியல என்று. சயோ அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்திருப்பார். எனக்குக் கை கால் எல்லாம் துள்ளுகிறது, இந்த வயதில். ஃபர்னஸைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒவ்வொரு பக்கம் நின்றால் குமிழிகள் ஒவ்வொரு மாதிரி கூடுகின்றன, கலைகின்றன. அவள் தலை பதிந்த பக்கம் அடியில் இருக்கிறது, பிளாஸ்டரைப் பார்த்தபடி. இங்கிருந்து பார்த்தால் ஒரு நிழல் மாதிரிதான் தெரிகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். திருப்ப இரண்டு ஆள் வேண்டும், மேரி ஷீட்டைக் கட்டிவிட்டு வரட்டும்.